பஞ்சு அடைத்த பெட்டி

அந்த வீட்டில் சத்தம் போடுகிற எதற்கும் மரியாதை கிடையாது. சுவர்க்கடிகாரத்தை வாங்கி வந்த அன்றைக்கே அதன் பேட்டரியைப் பிடுங்கிவிட்டார்கள். ஃபிரிட்ஜுக்குத் தனியாக ஒரு சுவிட்ச். ஒலிப்பதிவு நடக்கும்போது அதுவும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். சமையலறைக் குழாய் சொட்டினால் அடியில் ஒரு துணியைப் போட்டுவிடுவார்கள். பதிவுக்கு உட்காருமுன் அண்ணி ஒரு வாழைப்பழம் தின்பார். வயிறு பசித்துக் கத்தினால் அதையும் மைக் கேட்டுக்கொள்ளுமாம். நான் ஏசி மெக்கானிக். காற்று வேண்டுமென்றால் கொஞ்சம் சத்தமும் வரத்தான் செய்யும் என்று அந்த வீட்டில் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

வீட்டுக்காரரை எங்கள் தெருவில் ஒலிக்காரர் என்போம். பார்வையில்லாத பிள்ளைகளுக்காகப் பாடப்புத்தகங்களைப் பதிவு செய்து கொடுப்பது அவர் தொழில். படிப்பது அவர் மனைவி. பக்கத்து வீடு என்பதால் எனக்கு அவர்கள் அண்ணன், அண்ணி. அண்ணியின் தம்பி ஒருவன் கூடவே இருக்கிறான். கம்ப்யூட்டர் சமாச்சாரமெல்லாம் அவன் பொறுப்பு. எந்த மிஷினைக் கண்டாலும் முதலில் அழுத்திப் பார்ப்பான், பிறகுதான் என்னவென்று கேட்பான். அதனால் அவனுக்குப் பொத்தான் என்று பெயர். ஆள் முப்பதைத் தாண்டிவிட்டான், பெயர் மட்டும் விடவில்லை.

முன்னறைதான் பதிவு அறை. சுவர் முழுக்கப் பழைய மெத்தை விரிப்புகளை ஆணியடித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். நடுவில் ஒரு கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் அண்ணன் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்காருவார். அதையும் தாண்டி ஒரு சின்ன அறையில், பதிவுகளையெல்லாம் சேர்த்து வைக்கிற கம்ப்யூட்டர் பெட்டி. எல்லா அறைகளுக்கும் ஒரே ஏசி. பதிவு என்றால் அதை அணைத்துவிடுவார்கள். முடிந்ததும் போடுவார்கள்.

அந்தப் பெட்டி ஏதோ வங்கியில் கழித்துப் போட்டது. பொத்தான் மலிவாக வாங்கி வந்தான். முன்பக்கம் வரிசையாக டிஸ்க்குகள், பின்பக்கம் பதிவை வாங்கி டிஸ்க்கில் எழுதுகிற இரண்டு கன்ட்ரோலர்கள்.

“ஒரு வண்டிக்கு ரெண்டு மாடு மாதிரிண்ணே,” என்று அன்றைக்கு எனக்கு விளக்கினான். “ஒண்ணு படுத்துட்டாலும் இன்னொண்ணு இழுத்துட்டுப் போயிடும்.”

“ஒண்ணு படுத்துடுச்சுன்னு எப்படித் தெரியும்?”

“அதான் கத்தும்ல!”

அண்ணிக்குத் தொண்டையில் கட்டி வந்தது இந்தக் கோடையில். குரல்பெட்டியையே எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீடே இடிந்து போனது. ஆனால் ஒரு வழி இருந்தது. ஆப்பரேஷனுக்கு முன்னால் நிறையப் பேசிப் பதிந்து கொடுத்தால், அதே குரலில் பேசுகிற ஒன்றைச் செய்து தருவதாகச் சிலர் சொன்னார்கள். பிறகு அண்ணி போனில் எழுதினால் போதும், அவர் குரல் பேசும். அவ்வளவுதான், புத்தக வேலையை ஓரங்கட்டிவிட்டு ஏறக்குறைய ஒரு மாதம் அண்ணி பேசினார். ‘வாசல்ல யாரு?’, ‘தண்ணி சூடா இருக்கு’, ‘எனக்குத் தூக்கம் வருது’ என்று ஆயிரக்கணக்கில். கடைசி நாள் சாயங்காலம் மட்டும், எதையும் பார்த்துப் படிக்காமல் மனதில் வந்ததைப் பேசச் சொல்லியிருந்தார்கள்.

அன்றைக்கு நான் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். பதிவு நடக்க வேண்டிய நேரத்தில் அண்ணன் பின்பக்கக் குழாயடியில் தனியாக நின்றுகொண்டிருந்தார். பதிவை ஓடவிட்டு எழுந்து வந்துவிட்டார் போல. நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒரு வாரம் கழித்து அண்ணி கழுத்தில் துளையும் அதன்மேல் வெள்ளைத் துணியுமாக வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சிலேட்டு. ஆளைக் கூப்பிட ஒரு தட்டும் கரண்டியும். சத்தத்தைத் துரத்தித் துரத்தி அடித்த அந்த வீட்டில் இப்போது ‘டண் டண்’ என்று தட்டு அடிபட்டது.

மறுநாள் காலையிலேயே பொத்தான் என் வீட்டு வாசலில் நின்றான். முகம் பேயறைந்தது போல இருந்தது.

“அண்ணே, ஏசி செத்துப்போச்சு. பெட்டி ரூம் அடுப்பு மாதிரி கொதிக்குது. பெட்டியில இருக்கிற பதிவு எதுவும் திறக்க மாட்டேங்குது.”

நான் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். ஏசி சாகவில்லை. அணைத்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். கடைசிப் பதிவுக்காக அணைத்ததை, ஆஸ்பத்திரிக்குப் போகிற அவசரத்தில் யாரும் போடவில்லை. நான் சுவிட்சைத் தட்டினேன், ஓடியது. என் தொழிலிலேயே இவ்வளவு சுலபமான ரிப்பேரைச் செய்ததில்லை. அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். கோடை வெயிலில் ஒரு வாரம் ஜன்னலில்லாத அறைக்குள் அந்தப் பெட்டி வெந்திருக்கிறது.

“மாப்ள அழுத்திடாம பாத்துக்கணும்,” என்று அண்ணன் என் காதில் சொன்னார். “பெட்டிக்கு இன்ஜினியர் ஒருத்தங்க வர்றாங்க. வர்ற வரைக்கும் எதையும் அணைக்கவும் கூடாது, போடவும் கூடாதுன்னுட்டாங்க. நீ கொஞ்சம் இருப்பா.”

பொத்தான் கையைக் கட்டிக்கொண்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

இன்ஜினியர் அம்மா ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே வந்தார். நாற்பது வயதிருக்கும். வந்ததும் காபி டீ எதுவும் வேண்டாம், வெளிச்சம் வேண்டும் என்றார். டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டுப் பெட்டியின் பின்பக்கம் குனிந்தார். லேப்டாப்பை ஒரு ஒயரில் இணைத்து ரொம்ப நேரம் படித்தார்.

“வலது பக்கக் கன்ட்ரோலர் போன வாரம் சூட்டுல மயங்கியிருக்கு,” என்றார். “ஆனா இடது பக்கத்துது அதுக்கு ரொம்ப முன்னாடியே படுத்தாச்சே. ஒரு மாசம் இருக்கும். நீங்க யாரும் பாக்கலையா?”

“கத்தவே இல்ல மேடம்!” என்றான் பொத்தான்.

“கத்தாம இருக்காதே.” என் கையைப் பிடித்து டார்ச்சைக் கொஞ்சம் கீழே திருப்பினார். அங்கே, சத்தம் வெளியே வருகிற இடத்தில், சின்னதாக ஒரு துளை. அதற்குள் பஞ்சை உருட்டி இறுக்கமாக அடைத்து, மேலே ஆஸ்பத்திரி பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. ஓரமெல்லாம் ஒழுங்காக வெட்டி, நான்கு பக்கமும் அழகாக அழுத்தி ஒட்டியிருந்தார்கள்.

அண்ணனும் பொத்தானும் குனிந்து பார்த்தார்கள். பிறகு ஆரம்பித்தது பாருங்கள்.

“மாப்ள, என்ன வேலை பாத்திருக்க?”

“நானா? மாமா, நான் அழுத்துவேன், அடைக்க மாட்டேன். ஒரு கொசு பறந்தாலே பதிவை நிறுத்துற ஆளு நீங்கதான்.”

“எனக்கு இந்த ரூம்ல என்னப்பா வேலை? பெட்டி உன் பொறுப்புன்னு விட்டேன். பொறுப்பைக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!”

“பஞ்சும் பிளாஸ்திரியும் யாரோட மேசை டிராயர்ல இருக்கு? மைக்குக்கு ஒட்டுறதுக்குன்னு நீங்கதானே வச்சிருக்கீங்க?”

“டேய், அவ குரலுடா உள்ள இருக்கு! விளையாட்டாடா உனக்கு?”

“எனக்கு அக்கா இல்லையா அவ? உங்களுக்கு மட்டும்தானா?”

அந்த வீட்டில் அவ்வளவு பெரிய சத்தத்தை நான் கேட்டதே இல்லை. இரண்டு பேருக்கும் கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கத்தான் கத்தினார்கள். இன்ஜினியர் அம்மா காதில் வாங்காதவர் போலத் திருகாணிகளை ஒரு மூடியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

டண் டண் டண் என்று தட்டு அடித்தது. வாசலில் அண்ணி நின்றார். எழுந்து வரக்கூடாத ஆள், சுவரைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். பெட்டியைப் பார்த்தார், பிளாஸ்திரியைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது. சிலேட்டில் எழுதிக் காட்டினார்.

‘நான்தான் அடைச்சேன்.’

அண்ணன் அதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். “பாத்தியா? உன்னைக் காப்பாத்தப் பழியைத் தன்மேல போட்டுக்கிறா. கூடப்பிறந்த பாசம்.”

“என்னையா? உங்களை விட்டுக்குடுக்க மாட்டாம எழுதுறா மாமா. நீங்க எது செஞ்சாலும் அவ சரின்னுதான் சொல்லுவா.”

அண்ணி ‘நான்தான்’ என்பதன் கீழ் இரண்டு கோடு போட்டார். எழுத்தில் கோபம் எவ்வளவு தெரியும்? இரண்டு பேருமே நம்பவில்லை. சிலேட்டால் தம்பியின் முதுகில் ஒன்று வைத்தார். அப்போதும் நம்பவில்லை. வாய் இருந்திருந்தால் ஒரே அதட்டலில் முடிந்திருக்கும். எனக்கு அந்த நேரத்தில்தான் போன அந்தக் குரலின் அருமை உறைத்தது.

“சண்டையை அப்புறம் வச்சுக்கலாமா?” என்றார் இன்ஜினியர் அம்மா. “நான் சொல்றதைக் கேளுங்க. நீங்க பதியறதை முதல்ல கன்ட்ரோலர் தன் ஞாபகத்துல வாங்கி வச்சுக்கும். எழுதியாச்சுன்னு உங்க கம்ப்யூட்டர்கிட்ட சொல்லிடும். அப்புறம்தான் டிஸ்க்குல இறக்கும். இது இறக்குறதுக்குள்ள மயங்கிடுச்சு. கடைசியா பதிஞ்சது இன்னும் அந்த ஞாபகத்துலதான் இருக்கு.”

“மத்ததெல்லாம்?” என்றார் அண்ணன்.

“எது எங்க இருக்குங்கிற கணக்கும் பாதி அதுலதான் நிக்குது. அது ஒழுங்கா இறங்கினா எல்லாம் திறக்கும். போயிடுச்சுன்னா, மிச்சமும் திறக்கும்னு என்னால உறுதி சொல்ல முடியாது. வேற காப்பி இருக்கா?”

பொத்தான் தலையைக் குனிந்தான். “புத்தகமெல்லாம் இருக்கு. அக்கா பேசினது மட்டும் இதுலதான். ஆஸ்பத்திரியில இருந்து வந்து எடுத்துக்கலாம்னு இருந்தோம். ரெண்டு கன்ட்ரோலர் இருக்குன்னு ஒரு தைரியம்.”

அண்ணி அங்கேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். உள்ளே போய்ப் படுக்கச் சொன்னதற்கு, தலையை ஆட்டவில்லை, கரண்டியை ஆட்டினார்.

இன்ஜினியர் அம்மா இடது கன்ட்ரோலரை உருவி மேசையில் வைத்துத் திறந்தார். உள்ளே பேட்டரி அப்பம் மாதிரி உப்பியிருந்தது. வேறு ஒரு குறையும் இல்லை. பேட்டரியை நம்ப முடியாது என்று அது தானாகவே ஒதுங்கிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கே அதன் சத்தத்தைக் கேட்டிருந்தால் ஒரு பேட்டரியோடு போயிருக்கும்.

“ஒண்ணுக்கு உடம்பு நல்லாருக்கு, பேட்டரி போச்சு. இன்னொண்ணுக்கு உடம்பு வெந்துடுச்சு, ஞாபகமும் பேட்டரியும் நல்லாருக்கு,” என்றார். “அதை எடுத்து இதுல வைக்கணும்.”

“புதுசா ஒண்ணு வாங்கிப் போட்டா?” என்று கேட்டேன். கேட்டுவிட்டு, கேட்டிருக்கக்கூடாதோ என்று நினைத்தேன்.

“இந்த மாடல் இப்ப வர்றதில்லைங்க. எங்கயாவது கிடைச்சாலும், புதுசா வர்றது பழசோட ஞாபகத்தை ஏத்துக்காது. இது ரெண்டும் ஒரே பெட்டியில இருந்தது. ஒண்ணை ஒண்ணு தெரியும்.”

வேலை சின்னது, ஆபத்து பெரியது. வலது கன்ட்ரோலருக்குப் பெட்டியிலிருந்து கரண்ட் வந்துகொண்டிருந்ததால்தான் ஒரு வாரமாக ஞாபகம் அழியாமல் நின்றது. வெளியே உருவிய நொடியிலிருந்து அதற்கு அந்தப் பழைய பேட்டரிதான் துணை. ஞாபக அட்டையும் பேட்டரியும் ஒரு குட்டை ஒயரால் இணைந்திருக்கும். ஒயர் கழன்றால் கதை முடிந்தது. இரண்டையும் சேர்த்தே தூக்கி, சேர்த்தே வைக்க வேண்டும். அதற்கு நான்கு கை தேவை.

“நீங்க வாங்க,” என்று பொத்தானைக் கூப்பிட்டார். “பேட்டரியைப் பிடிச்சுக்குங்க. எதையும் அழுத்தாதீங்க.”

“நான் பிடிக்கிறேன் மேடம்,” என்று அண்ணன் முன்னால் வந்தார்.

“உங்க கை நடுங்குது சார்.”

உண்மைதான். அண்ணன் ஒரு நிமிடம் தன் கையையே பார்த்தார். “பாத்திரம் கிடக்கு. அவளுக்குக் கஞ்சி வைக்கணும்,” என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனார். நான் டார்ச்சை அண்ணியிடம் கொடுத்துவிட்டுக் கூடப் போனேன். குழாயடியில் உட்கார்ந்து, ஏற்கனவே கழுவிய பாத்திரத்தை மறுபடியும் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“கடைசி நாள் பேசினாளே,” என்றார் நிமிராமல். “அதை நான் கேக்கவே இல்லப்பா. ஓடவிட்டுட்டு எழுந்து வந்துட்டேன். உக்காந்து கேக்க முடியல. வீட்டுக்கு வந்து கேட்டுக்கலாம்னு... முப்பது வருஷமா அவ பேசினதைத்தான் கேட்டுட்டு இருந்தேன். அதை மட்டும் கேக்கல.”

 “எல்லாம் சரியாயிடும்ணே” என்று சொல்வது எனக்குப் பிடிக்காது. ஏசியைக் கூடத் திறந்து பார்க்காமல் நான் அப்படிச் சொல்வதில்லை. ஆனாலும் சொன்னேன்.

திரும்பி வந்தபோது வலது கன்ட்ரோலர் வெளியே வந்திருந்தது. அட்டையில் ஒரு பச்சைப் புள்ளி விட்டு விட்டு மினுங்கியது.

“அது மினுங்குற வரைக்கும் உயிர் இருக்கு,” என்றார் இன்ஜினியர் அம்மா.  அட்டையின் இரண்டு முனையிலும் விரலை வைத்து நெம்பினார். அது வரவில்லை. சூட்டில் பிடித்துக்கொண்டிருந்தது. மறுபடியும் நெம்பினார். பொத்தான் மூச்சை அடக்கியபடி பேட்டரியைக் கோழிக்குஞ்சைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தான். நெற்றி வியர்வை மூக்கு நுனியில் சொட்டி நின்றது. அண்ணி எழுந்து தன் முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். பச்சைப் புள்ளி ஒரு முறை மினுங்கவில்லை.  அடுத்த முறை மினுங்கியது. ‘க்ளிக்’ என்று அட்டை கழன்றது.

இரண்டு பேரும் ஒரே அடியாக நகர்ந்தார்கள். அட்டை இடது கன்ட்ரோலருக்குள் இறங்கியது, பேட்டரி அதன் இடத்தில் படுத்தது. மூடியைப் போட்டு, பெட்டிக்குள் தள்ளி, கொக்கியை மாட்டினார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உள்ளே விசிறி சுற்றுகிற சத்தம், ஒரு ஆரஞ்சு விளக்கு. அதோடு கீ, கீ, கீ என்று பெட்டி கத்த ஆரம்பித்தது. பஞ்சை எடுத்திருந்தார்கள் அல்லவா, காதைத் துளைத்தது.

“ஐயோ, போச்சா மேடம்?” என்றான் பொத்தான்.

“இல்லங்க. பக்கத்துல இருந்தது இல்லைன்னு கத்துது. கத்தட்டும். ஒருத்தர் இல்லைன்னா கத்தத்தான் செய்யும்.”

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெட்டி கத்த, ஏசி இரைய, அந்த வீட்டில் முதல் தடவையாக யாரும் எதையும் அணைக்கவில்லை.

லேப்டாப்பில் ஒரு கேள்வி வந்து நின்றது. ஞாபகத்தில் எழுதப்படாதது இருக்கிறது, டிஸ்க்கில் இறக்கவா, அழிக்கவா என்று. இன்ஜினியர் அம்மா லேப்டாப்பைப் பொத்தான் பக்கம் திருப்பினார்.

“இப்ப அழுத்துங்க. இறக்கு-ங்கிறதை.”

“நானா?”

“நீங்கதான்.”

அவன் அந்த வார்த்தையை மூன்று தடவை படித்தான். அக்காவைப் பார்த்தான். அவர் தலையசைத்த பிறகு அழுத்தினான். வாழ்க்கையிலேயே கேட்டுவிட்டு அழுத்திய முதல் பொத்தான் அதுவாகத்தான் இருக்கும்.

ஆரஞ்சு விளக்கு பச்சையானது. பதிவுகளெல்லாம் வரிசையாக வந்து திரையில் விழுந்தன. பொத்தான் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிலவற்றைத் திறந்து பார்த்தான், எல்லாம் திறந்தன. கடைசியில் அந்தக் கடைசிப் பதிவு. அதைப் பெரிய ஸ்பீக்கரில் போட்டான்.

“ஓடுதா?” என்றது அண்ணியின் குரல். அறைக்குள் நின்று பேசுவது போல அவ்வளவு சுத்தமாக இருந்தது. “சரி, ஓடுது. சொந்தமா பேசணுமாம். சொந்தமா பேசினா எனக்குத் திட்டுதான் வரும். கேட்டுக்குங்க. ஈரத் துண்டைக் கட்டில் மேல போடாதீங்க. தம்பிக்கு ஒரு பொண்ணைப் பாருங்க, அவனா தேடிக்குவான்னு விட்டா அவன் பெட்டியைத்தான் கட்டிக்குவான். ஆங், அந்தப் பெட்டி! நீங்க ரெண்டு பேரும் கடைக்குப் போயிருந்தப்ப கீ கீன்னு கத்த ஆரம்பிச்சுது. பதிவு கெடுதேன்னு நான்தான் பஞ்சை வச்சு அடைச்சேன். சொல்லணும் சொல்லணும்னு மறந்தே போச்சு. ஏன் கத்துச்சுன்னு வந்து பாருங்க.”

பொத்தான் வாயைப் பிளந்து அக்காவைப் பார்த்தான். அண்ணி சிலேட்டை எடுத்து, ‘நான்தான்’ என்று ஏற்கனவே எழுதியிருந்ததைக் கரண்டியால் டண் டண்ணென்று தட்டிக் காட்டினார்.

“பாருங்க, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆளையே காணோம்,” என்றது ஸ்பீக்கர். “பேசச் சொல்லிட்டு எங்க போனாரு இந்த மனுஷன்? என்னங்க!” கொஞ்சம் நிறுத்திவிட்டு, வீடு அதிர, “என்னங்க! எங்க போய்த் தொலைஞ்சீங்க?”

“வர்றேன், வர்றேன்!” என்று பின்பக்கத்திலிருந்து அண்ணன் கத்தினார். “ஒரு நிமிஷம் பொறுக்க மாட்டியா? கை ஈரமா இருக்கு!”

பாத்திரம் ஒன்று உருண்டு விழுகிற சத்தம் கேட்டது. வேகமாக நடந்து வந்தவர் வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டார். கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரை ஒரு தடவை பார்த்தார். பொத்தான் பதிவை நிறுத்தியிருந்தான். இன்ஜினியர் அம்மா திருகாணி மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் ஸ்பீக்கரை விட்டுவிட்டு அண்ணியிடம் கேட்டார்.

“கூப்பிட்டியா?”

ஆமாம் என்று அண்ணி தலையாட்டினார்.